கையால் செய்யும் கிட்டார்: மரம் எது, கைக்கு இதம் எது?

ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி இது. விரலால் வாசிக்கிறவர், பெரும்பாலும் உட்கார்ந்தே வாசிக்கிறார். இப்போது கையிலிருப்பது டிரெட்நாட் எனப்படும் பெரிய, ஆழமான உடலுள்ள ஸ்டீல் கம்பி கிட்டார். ஒரு மணி நேரம் போனால் வலது முன்கை மரத்துப்போகிறது, தோள் தானாக மேலே ஏறிக்கொள்கிறது. தனக்கென்று ஒரு கிட்டார் செய்யச் சொல்லியிருக்கிறார். செய்பவர் ஒரு நீண்ட பட்டியலை அனுப்பி, தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்றுவிட்டார். மேல்பலகைக்கு ஐந்து மரம், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பத்து மரம், அப்புறம் ஆர்ம்ரெஸ்ட் (முன்கை சாயும் சரிவு), கட்டவே (உயர் ஸ்வரங்களுக்குக் கை எட்ட உடலில் வெட்டும் வளைவு), பக்கத் துளை என்று தனியாக ஒரு பக்கம். இருக்கிற பணத்தைப் பிரேசிலியன் ரோஸ்வுட்டில் போடலாமா, ஆர்ம்ரெஸ்ட் வெறும் அலங்காரமா என்று கேட்கிறார்.

சுருக்கமான பதில்: அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதலில் உடலின் அளவு, ஆழம், நெக் (கழுத்து), ஆர்ம்ரெஸ்ட். அதற்கடுத்து மேல்பலகை. பின்பலகை மரம் கடைசி. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காரணம் எளிது. பின்பலகையின் ரேகைதான் படத்தில் அழகாக விழும். முன்கையை அறுக்கும் விளிம்பு எந்தப் படத்திலும் தெரியாது.

இனி விரிவாக. மேல்பலகையிலிருந்து தொடங்குகிறேன், ஒலி பிறக்கிற இடம் அதுதான்.

12–53 கனமுள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) லைட் கம்பி ஆறையும் சுருதி கூட்டினால் மொத்த இழுவிசை கிட்டத்தட்ட 70 முதல் 75 கிலோ. ஒரு பெரிய ஆள் தொங்குகிற கனம். அதைத் தாங்குவது 3 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு மென்மரப் பலகையும், அதன் அடியில் ஒட்டிய பிரேசிங் சட்டங்களும். தாங்கினால் மட்டும் போதாது, விரல் நுனியின் சின்ன அசைவுக்கும் அது ஆட வேண்டும். விறைப்பு வேண்டும், எடை கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கிற மரங்கள் குறைவு. ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம் இருநூறு வருடத்துக்கு மேலாக இந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பதற்கு மரபு மட்டும் காரணமில்லை. அதன் எடைக்கு அதன் விறைப்பு அசாத்தியம்.

இதை நிரூபித்துக் காட்டியவர் அந்தோனியோ தே தோரஸ். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை நிலைநிறுத்திய ஸ்பானியர். 1862-இல் ஸ்ப்ரூஸ் மேல்பலகை வைத்து, பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையில் செய்தார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசிக்கும் நிலையில் இல்லை. ஆனால் அதைச் செய்தவர் சொல்ல வந்த விஷயம் தெளிவு: மேல்பலகை சரியாக இருந்தால் மற்றது அட்டையாக இருந்தாலும் கிட்டார் கிட்டார்தான்.

வகைகளுக்கு வருவோம். சிட்கா ஸ்ப்ரூஸ், அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரை பசிபிக் கரையோரம் வளர்வது. பெரிய மரம், ஒழுங்கான ரேகை, தாராளமாகக் கிடைக்கும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் சமாளிக்கும். அடிராண்டாக் எனப்படும் சிவப்பு ஸ்ப்ரூஸ் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய, அமெரிக்க மார்ட்டின் நிறுவனத்தின் கிட்டார்களில் இருப்பது இதுதான், அந்தப் புகழ்தான் அதன் விலையை ஏற்றுகிறது. ஓங்கி வாசித்தால் ஒலி உடையாது, வலுவாக ஸ்ட்ரம் செய்கிறவர்களுக்கு அருமை. மெல்லத் தொடும் விரலுக்கு அது முழுதாகத் திறப்பதில்லை என்பது பல வாசிப்பாளர்களின் அனுபவம். எங்கெல்மான், ராக்கி மலைப்பகுதியது, கொஞ்சம் இலகு, மெல்லிய தொடுகைக்கே பதில் சொல்லும். ஆல்ப்ஸ் பக்கத்து ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் அடிராண்டாக்குக்கும் எங்கெல்மானுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. விரல் வாசிப்புக்கு எனக்குப் பிடித்தது அது.

அப்புறம் சீடர். துல்லியமாகச் சொன்னால் மேற்கத்திய சிவப்புச் சீடர். 1960-களின் நடுவில் மாட்ரிட்டின் ஹோசே ராமிரெஸ் பட்டறை கிளாசிக்கல் கிட்டாரில் இதைப் புகுத்தியது, அதன்பிறகு பரவியது. ஸ்ப்ரூஸைவிட இலகு, மென்மை, பழுப்பு நிறம். முதல் நாளிலிருந்தே வாய் திறந்து பேசும். பழகப் பழகத் திறக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மெதுவாக வாசித்தாலே ஒலி நிறையும். கடினமாக அடித்தால் ஓரிடத்தில் தேங்கிவிடும், அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் கூடாது. நகம் பட்டாலே தடம் விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரல்வாசிப்புக்காரர் கேட்டதால் சீடரைத் தயங்காமல் பட்டியலில் வைக்கலாம்.

ஆனால் இந்த வர்ணனைகளையெல்லாம் ஓரளவுக்கு மேல் நம்பாதீர்கள், நான் சொன்னதையும் சேர்த்து. ஒரே வகை ஸ்ப்ரூஸின் இரண்டு பலகைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு வகைகளின் சராசரிக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். இலகுவான சிட்காவும் உண்டு, பிடிவாதமான எங்கெல்மானும் உண்டு. அனுபவமுள்ள கைவினைஞர் பெயரைப் பார்த்து மரத்தை எடுப்பதில்லை. பலகையை இரண்டு விரலால், விளிம்பிலிருந்து கால்பங்கு தள்ளி, தொங்கவிட்டாற்போலப் பிடிப்பார். இன்னொரு கையின் விரல் கணுவால் நடுவில் ஒரு தட்டு. நல்ல பலகை மணி போலக் கொஞ்ச நேரம் நின்று ஒலிக்கும். சில பலகைகள் அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி 'டொக்' என்று அங்கேயே செத்துவிடும். பிறகு ரேகைவாக்கில் லேசாக வளைப்பார், ரேகைக்குக் குறுக்கே வளைப்பார். எடை போடுவார். பலகையை எவ்வளவு மெலிதாக இழைக்கலாம் என்பதை அந்த வளைவும் எடையும்தான் சொல்கின்றன. அதனால்தான் வாடிக்கையாளர் "2.6 மில்லிமீட்டர் வையுங்கள்" என்று எழுதி அனுப்புவதில் அர்த்தமில்லை. ஒரு பலகைக்கு அது தடிமன், இன்னொன்றுக்கு அதுவே ஆபத்து.

உங்கள் கண்ணால் பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, வெட்டு. பலகையின் ஓரத்தைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி அறுத்த பலகையில் ரேகைக்குக் குறுக்கே பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு ஓடும். ரேகை சரிந்து நின்றால் குறுக்குவாக்கில் விறைப்பு மளமளவென்று குறையும். இரண்டாவது, நார் பலகையின் முகத்தோடு இணையாக ஓடுகிறதா, முகத்தைத் துளைத்து வெளியே வருகிறதா என்பது. மேல்பலகை என்பது ஒரே கட்டையைப் புத்தகம் போல விரித்து ஒட்டிய இரண்டு பாதி. நார் முகத்தைத் துளைத்து வந்தால், வெளிச்சத்தில் ஒரு பாதி கருமையாகவும் மறுபாதி வெளிறியும் தெரியும், கிட்டாரைத் திருப்பினால் நிறம் இடம் மாறும். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. பளிச்சென்று தெரியுமளவு இருந்தால் வேறு பலகை கேளுங்கள், பிளவும் அங்கேதான் தொடங்கும்.

ஓர் அங்குலத்தில் எத்தனை ரேகை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நெருக்கமான ரேகைதான் உயர்ந்தது என்பது கண்ணுக்குப் பிடித்த நம்பிக்கை, அவ்வளவுதான். அகன்ற ரேகையுள்ள அடிராண்டாக் பலகையில் செய்த பழைய கிட்டார்களுக்கு ஏலத்தில் நடக்கிற சண்டையைப் பார்த்தால் அது தெரியும்.

இப்போது பின்பலகை, பக்கங்கள். இங்கேதான் பணம் கொட்டுகிறது, சண்டையும் நடக்கிறது.

2018-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகக் குழுவும், ஃபைல்டு கிட்டார்ஸ் நடத்திய ரோஜர் பக்னாலும் சேர்ந்து செய்தது. ஆறு கிட்டார், எல்லாம் ஒரே வடிவமைப்பு. மாறியது பின்பலகை, பக்க மரம் மட்டும்: பிரேசிலியன் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கலான வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் விழுந்தது. அவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிவதே கடினமாக இருந்தது. விலையுயர்ந்த, கிடைப்பதற்கு அரிய மரம் மேலே வரவில்லை.

இதை வைத்துக்கொண்டு பின்பலகை ஒன்றுமே செய்யாது என்று சொல்லிவிட முடியாது. ஈட்டி, அதாவது இந்திய ரோஸ்வுட், கனமானது. ஒரு கனமீட்டர் 800 கிலோவுக்கு மேலே. தட்டினால் நீளமாக ரீங்கரிக்கும். மகோகனி அதைவிட நிறைய இலகு, ரீங்காரம் சீக்கிரம் அடங்கும், ஸ்வரம் ஸ்வரமாகத் தனித்துக் கேட்கிறது என்று பலரும் சொல்வது அதனால்தான். மேப்பிள் இன்னும் சீக்கிரம் அடங்கும். பின்பலகையை மெலிதாக, அசைகிற மாதிரிச் செய்கிறாரா, விறைப்பாகச் சுவர் மாதிரிச் செய்கிறாரா என்பதும் சேர்ந்து ஒலியை மாற்றுகிறது. ஆனால் இந்த மாற்றங்கள் மேல்பலகை, பிரேசிங், உடலின் கொள்ளளவு ஆகியவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. கம்பியைப் புதிதாக மாற்றினால் கேட்கிற வித்தியாசம் இதைவிடப் பெரிது.

பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு வேறு சிக்கலும் உண்டு. 1992 முதல் அது, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, காண்டாமிருகக் கொம்பும் இருக்கிற பட்டியல். அந்தத் தேதிக்கு முன்பு எடுத்த மரம் என்று தாளில் நிரூபித்தால்தான் நாட்டெல்லை தாண்டி விற்கவோ வாங்கவோ முடியும். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போவதற்கும் சான்றிதழ் தேவை. இப்போது கிடைக்கிற மரத்தில் ஒரு பகுதி, வெட்டி வருடக்கணக்கில் மண்ணில் கிடந்த அடிக்கட்டைகளிலிருந்து வருவது. ரேகை சுழித்துச் சுழித்து ஓடும். பார்க்கக் கொள்ளை அழகு. விரிசல் விடுவதில் மன்னன். மற்ற ரோஸ்வுட் வகைகளையெல்லாம் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், கிட்டார் உலகமே கிட்டத்தட்ட மூன்று வருடம் தாள்களோடு திண்டாடியது. 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே ஈட்டியில் செய்த கிட்டாருக்கு அந்தத் தலைவலி இல்லை. பிரேசிலியனுக்கு அந்த விலக்கு கிடையாது.

என் யோசனை: பின்பலகையைக் கண்ணால் தேர்ந்தெடுங்கள். ஈட்டி, மகோகனி, வால்நட், சப்பேலி, எதுவானாலும் நன்கு உலர்ந்த, நேராக அறுத்த பலகை. பிரேசிலியனுக்குக் கொடுக்க நினைத்த தொகையைக் கீழே சொல்லும் விஷயங்களுக்கு மாற்றுங்கள். மீதி நிச்சயம் இருக்கும்.

நெக் மரம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மகோகனியோ, செட்ரெலா எனப்படும் ஸ்பானிஷ் சீடரோ போதும். இரண்டும் இலகு, வளையாது, செதுக்கச் சுலபம். செட்ரெலா இன்னும் இலகு. கிட்டார் தலைப்பக்கம் கவிழ்ந்து விழுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு அது உதவும், கம்பியை முறுக்கும் ட்யூனர்கள் திறந்த பல்சக்கரமுள்ள இலகுவானவையாக இருந்தாலும் உதவும். மேப்பிள் நெக் கனம். விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டுக்குக் கருங்காலி. முழுக்கறுப்பாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கருங்காலியில் பழுப்புக் கோடு ஓடுவது இயல்பு, வலுவில் குறைவில்லை. கேமரூனில் 2011 முதல் கருங்காலி ஆலை நடத்தும் டெய்லர் நிறுவனம் கோடு விழுந்த மரத்தையும் பயன்படுத்தத் தொடங்கியது அதனால்தான். அதற்கு முன் அப்படிப்பட்ட மரத்தை வெட்டிவிட்டுக் காட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்களாம்.

சரி, இப்போது கை மரத்துப்போகிற விஷயம். எனக்கு இதுதான் முக்கியம்.

டிரெட்நாட்டின் கீழ்ப்பகுதி அகலம் 39–40 சென்டிமீட்டர், அடிப்பக்கத்தில் ஆழம் 12 சென்டிமீட்டர் போல. உட்கார்ந்து வலது தொடையில் வைத்தால், வலது கை அந்த ஆழத்தை ஏறிக் கடந்து, விளிம்பில் மடங்கி, கம்பிக்கு இறங்க வேண்டும். தோள் ஏறுவது இதனால். முழு முன்கையின் பாரமும் 90 பாகையுள்ள ஒரு கூரிய விளிம்பில், விரலகல இடத்தில் உட்காருகிறது. மரத்துப்போவது இதனால். விளிம்பைச் செதுக்கினால் இரண்டாவது தீரும், முதலாவது தீராது. ஆகவே அளவை முதலில் குறையுங்கள்.

ஓஎம் (ஆர்கெஸ்ட்ரா மாடல்) அளவு என்றால் அகலம் 38, ஆழம் பத்தரை சென்டிமீட்டர். அதைவிடச் சின்ன 'டபுள் ஓ' அளவு அகலம் 36 சென்டிமீட்டர் போல. காகிதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் ஒன்றுமில்லை போலத் தோன்றும், தோளுக்கு அது பெரிய விஷயம். அதோடு டிரெட்நாட்டுக்கு அவ்வளவாக இடுப்பு கிடையாது, தொடையில் வழுக்கும். ஓஎம்முக்கு இடுப்பு உண்டு, தொடையில் உட்காரும். விரல்வாசிப்புக்கு ஓஎம்மின் சமநிலையான ஒலியே பொருத்தம் என்பது கூடுதல் லாபம். டிரெட்நாட்டின் அடிவயிற்று முழக்கம் கொஞ்சம் குறையும், அதை மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பெரிய உடல்தான் வேண்டும் என்றால் இன்னொரு வழி ஆப்பு வடிவம். கனடாவின் லிண்டா மான்சர் 1984-இல் ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மெதினிக்காக 42 கம்பிகள் கொண்ட பிகாஸோ கிட்டாரைச் செய்தபோது கண்டது. தடித்த கம்பிப் பக்கம், அதாவது உங்கள் கைக்கு அடியில், ஆழத்தைக் குறைத்து, தொடைப் பக்கத்தில் அதே அளவு கூட்டிவிடுவார்கள். உள்ளே காற்றின் கொள்ளளவு மாறாது. மேல்பலகை உங்கள் முகத்தை நோக்கிக் கொஞ்சம் சாயும், ஃப்ரெட்போர்டு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆர்ம்ரெஸ்ட் மாதிரி வெளியே துருத்தித் தெரியாது, பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆர்டர் கொடுக்கும்போது கேட்டால்தான் உண்டு, பின்னால் சேர்க்க முடியாது.

ஆர்ம்ரெஸ்ட் அலங்காரமா? இல்லை. அதே கனடாவைச் சேர்ந்த கிட்டார் கைவினைஞர் கிரிட் லாஸ்கின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அமைப்பு இது. முன்கை படும் மூலையில் உட்புறமாக மரத்துண்டை ஒட்டித் தடிமனாக்கி, வெளி மூலையைச் சரிவாகச் செதுக்கி எடுத்து, அதன்மேல் மெல்லிய மர வினீர் ஒட்டுவார்கள். நடுப்பகுதியில் அகலம் மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும், இரண்டு முனையிலும் மெலிந்து விளிம்போடு கரைந்துவிடும். பாரம் விரலகலத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகிறது, விஷயம் அவ்வளவுதான். ஒலி குறையுமா என்றால், மேல்பலகை விளிம்போரம் அதிகம் அசைவதேயில்லை, அசைவெல்லாம் கம்பிகள் கட்டியிருக்கும் பிரிட்ஜைச் சுற்றித்தான். எடை கொஞ்சம் கூடும். வேலை அதிகம், அதனால் விலை கூடும். இடம் முக்கியம். உங்கள் முன்கை எங்கே படுகிறது என்பதற்கு இப்போதைய கிட்டாரில் சான்று இருக்கும், அந்த விளிம்பில் பாலிஷ் மங்கியிருக்கும் அல்லது வியர்வைத் தடம் இருக்கும். அதன் மையத்திலிருந்து கிட்டாரின் அடிமுனை வரை நூல் வைத்து அளந்து, படத்தோடு அனுப்புங்கள். சரிவு எல்லாருக்கும் ஒரே இடத்தில் வைப்பது வீண்.

மார்பில் படும் பின்விளிம்பிலும் இதே மாதிரிச் சரிவு வைப்பார்கள். விலா எலும்பு வலிக்கிறவர்களுக்கு மட்டும் தேவை.

செதுக்கிய ஆர்ம்ரெஸ்டுக்குப் பணமில்லை என்றால், விளிம்பில் மாட்டுகிற தனித் துண்டு ஒன்று கிடைக்கும், வளைந்த மெல்லிய மரம். முன்கை மேல்பலகையைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி நிறுத்தும். இதில் சின்ன ஆச்சரியம்: பலருக்கு ஒலி கொஞ்சம் கூடியே கேட்கும், ஏனென்றால் கையே மேல்பலகையை அமுக்கி அடக்கிக்கொண்டிருந்தது. இதை இப்போதைய டிரெட்நாட்டிலேயே மாட்டிப் பாருங்கள். மரத்துப்போவது நிற்கிறதா, தோள் வலி நிற்கிறதா என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். புதிய கிட்டாரில் எதற்குச் செலவு செய்வது என்று முடிவெடுக்க இதைவிட மலிவான சோதனை இல்லை. எதை மாற்றினாலும் மரத்துப்போவது நிற்கவில்லை, வாசிக்காத நேரத்திலும் இருக்கிறது என்றால் அது கிட்டார் செய்பவரிடம் கேட்கிற கேள்வி இல்லை, மருத்துவரிடம் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேல்பலகை நைட்ரோ லாக்கரா, அரக்கு பாலிஷா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நைட்ரோ லாக்கருக்கு ரப்பரும் வினைலும் ஆகாது. ஸ்டாண்டின் ரப்பர், தோளில் மாட்டும் பட்டையின் பிளாஸ்டிக், மாட்டும் துண்டின் அடிப்பாகம் எதுவாயிருந்தாலும் நாள்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் லாக்கர் இளகித் தடம் விழும். அரக்கு பாலிஷில் உறிஞ்சுக் கிண்ணம் வைத்து ஒட்டுகிற தொடைத் தாங்கிகளை ஒட்டாதீர்கள், எடுக்கும்போது பாலிஷையும் கொண்டுவந்துவிடும். அப்படிப்பட்ட கிட்டாருக்குக் காலடியில் வைக்கிற சின்னப் பலகையோ, தொடைமேல் வைக்கிற தோல் மெத்தையோ போதும். இரண்டில் மெத்தை நல்லது, ஒரு காலை மட்டும் தூக்கிவைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இடுப்பு கேள்வி கேட்கும்.

உட்கார்ந்து வாசித்தாலும் தோளில் பட்டை மாட்டலாம். பலரும் இதை யோசிப்பதில்லை. கிட்டாரின் உயரத்தைப் பட்டையே பிடித்துக்கொள்ளும், இடது கை நெக்கைத் தாங்க வேண்டியிருக்காது. ஐந்தாறு சென்டிமீட்டர் அகலமுள்ள, உள்பக்கம் சொரசொரப்பான தோல் பட்டை வழுக்காது. நெக் உடலோடு சேரும் அடிக்கட்டையில் இரண்டாவது பட்டைக் குமிழை எங்கே வைப்பது என்று செய்பவரோடு பேசுங்கள். குமிழை நெக்கின் கீழ்ப்பக்கம், மெல்லிய கம்பி இருக்கும் பக்கமாக வைத்தால் கிட்டார் முன்பக்கம் கவிழாது. துளை போட்டபிறகு மாற்றினால் பழைய துளை தெரியும்.

சிலருக்கு ரோஸ்வுட், குறிப்பாகக் கோகோபோலோ, தோலில் ஒவ்வாமையைத் தரும். ஆர்ம்ரெஸ்ட் வினீர் தோலில் நேரடியாக உரசுகிற இடம், வியர்வையும் சேரும். பாலிஷ் நன்றாக மூடியிருந்தால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. முன்பு எப்போதாவது மர நகையோ மரத்தூளோ பட்டு அரித்திருந்தால் அங்கே மேப்பிள் போடச் சொல்லுங்கள்.

இடது கைக்கு வருவோம். நட், அதாவது நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் கடக்கிற துண்டு, 44.5 மில்லிமீட்டர் அகலம் இருப்பது விரல்வாசிப்புக்கு நல்ல தொடக்கம். விரல் தடித்தவர் 46 வரை போகலாம். பொதுவான 43-இல் நெருக்கமாகத் தெரிந்தால் இந்த ஒன்றரை மில்லிமீட்டரே போதும், 48-க்குத் தாவ வேண்டாம். ஒரே அளவுக் கம்பியில் 632 மில்லிமீட்டர் கம்பி நீளம் 645-ஐவிட 4 சதவீதம் குறைவான இழுவிசை தரும். பிடிப்பது இதமாகும், ஃப்ரெட்டுகளும், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளும், கொஞ்சம் நெருங்கும். சுருதியைக் கீழே இறக்கி வாசிக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் நீளமானதை எடுங்கள், இல்லாவிட்டால் கம்பி தொளதொளத்துவிடும். நெக்கின் பின்பக்க வடிவத்தை வார்த்தையில் விவரிக்கவே முடியாது. உங்களுக்குப் பிடித்த கிட்டார் எதுவோ, அதன் நெக் தடிமனை முதல் ஃப்ரெட்டிலும் ஒன்பதாவது ஃப்ரெட்டிலும் அளந்து எண்ணாக அனுப்புங்கள். முடிந்தால் கிட்டாரையே கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.

ஃப்ரெட்போர்டு விளிம்பை லேசாக உருட்டிவிடச் சொல்லுங்கள். கூடுதல் செலவில்லாத வேலை, ஆனால் கையில் எடுத்ததும் பழகிய கிட்டார் போல உணரவைப்பது அதுதான். வறண்ட காலத்தில் ஃப்ரெட் முனைகள் விரலைக் குத்தினால் ஃப்ரெட் வளர்ந்துவிடவில்லை, கருங்காலி சுருங்கியிருக்கிறது. அறையிலோ பெட்டியிலோ ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்தில் வைத்தால் அதுவும் வராது, மேல்பலகையும் பிளக்காது.

கட்டவே பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே அடிக்கடி போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. போகாதவருக்கு வேண்டாம். பக்கத் துளை மலிவான மகிழ்ச்சி. மேல் தோள் பக்கத்தில் நாலைந்து சென்டிமீட்டர் நீள்வட்டத் துளை, ஒலி நேராக வாசிப்பவரின் காதுக்கு வரும். எதிரே உட்கார்ந்து கேட்பவருக்குப் பெரிதாக எதுவும் மாறாது. மெல்லத் தொட்டு வாசிக்கிறவர்கள் தங்கள் ஒலி தமக்கே கேட்கவில்லை என்று அழுத்தி அழுத்தி வாசித்துக் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு நான் இதைச் சொல்வேன்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என்னிடம் கேட்டால், செய்பவருக்கு இப்படி அனுப்புவேன்: ஓஎம் உடல், ஆப்பு வடிவம், செதுக்கிய ஆர்ம்ரெஸ்ட், பக்கத் துளை. கம்பி நீளம் 632, நட் 44.5, உருட்டிய விளிம்பு, செட்ரெலா நெக். பின்பலகைக்கு ஈட்டியோ வால்நட்டோ, எதன் படம் உங்களுக்குப் பிடிக்கிறதோ அது. மேல்பலகையில் ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் அல்லது சீடர், இந்த இரண்டுக்குள் எந்தப் பலகை என்பதை அவரே தட்டிப் பார்த்து எடுக்கட்டும். நீங்கள் வாசிக்கிற மூன்று நான்கு நிமிட ஒலிப்பதிவு ஒன்றையும், கை தெரிகிற மாதிரி எடுத்த காணொளி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். விரல் எவ்வளவு பலமாகத் தொடுகிறது என்று அவருக்கு அதிலிருந்து தெரிந்துவிடும். பிரேசிங்கை எவ்வளவு இழைப்பது என்பதற்கு அவருக்கு வேண்டியது அதுதான். ஆப்பும் ஆர்ம்ரெஸ்டும் சேர்ந்து பட்ஜெட்டைத் தாண்டினால் ஆப்பை விட்டுவிடுங்கள், ஓஎம் ஆழத்துக்கு ஆர்ம்ரெஸ்ட் தனியாகவே போதும்.